107 விநாடி வானம்

2001-இல் நான் கோவில்பட்டியில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று பகலெல்லாம் டைப் அடிப்பது. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் மட்டும் இன்டர்நெட், அதுவும் டெலிபோன் லைனில். ராத்திரி ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தும்போது அந்த ஒன்றை மட்டும் அணைக்க மாட்டேன். கறுப்புத் திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று மெல்லிய கம்பிகள் மலைத்தொடர் மாதிரி எழும்பிக்கொண்டே இருக்கும்.

கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். முதல் நாள் அதைப் பார்த்தவர், "என்னல இது, கலர் கலரா ஓடுது? வைரஸ் எதும் வந்துட்டா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. வானத்துல வேற எங்கயாச்சும் நம்மள மாதிரி யாரும் இருக்காங்களான்னு தேடுது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்ம கம்ப்யூட்டரா தேடுது?"

"ஆமா அண்ணாச்சி."

"கரண்டு எவ்வளவு இழுக்கும்?"

மானிட்டரை அணைத்துவிட்டால் ஒரு குண்டு பல்பு அளவுதான் என்றேன். "சரி, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றுவரை அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அதன் பெயர் ஸெட்டி அட் ஹோம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1999 மே 17 அன்று தொடங்கியது. பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர் இருக்கிறதா என்று தேட, உலகெங்கும் வீட்டிலும் கடையிலும் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களை அந்த நேரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை. டேவிட் கெடி என்பவருக்கு முதலில் தோன்றியது, டேவிட் ஆண்டர்சனும் டான் வெர்திமரும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திக் காட்டினார்கள். மொத்தத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் அதில் சேர்ந்தார்கள்.

அது வேலை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவில் அரெசிபோ என்ற இடத்தில், மலைகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த பள்ளத்தில், 305 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்தது. அதை வேறு வானியலாளர்கள் தங்கள் வேலைக்காகத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். ஸெட்டிக்காரர்களுக்கு எந்தப் பக்கம் திருப்பு என்று சொல்லும் உரிமை கிடையாது. ஓரமாக ஒரு ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, அவர்கள் எந்தப் பக்கம் பார்த்தாலும் கூடவே விழுகிற வானத்தைப் பதிவு செய்துகொள்வார்கள். கல்யாண வீட்டு வீடியோவில் தற்செயலாக விழுகிற முகங்களில் தொலைந்துபோன ஒருவரைத் தேடுவது போலத்தான். பதிவான நாடாக்களைத் தபாலில் பெர்க்லிக்கு அனுப்புவார்கள். அவ்வளவு தகவலை அனுப்புகிற வேகத்தில் அரெசிபோவில் அப்போது இன்டர்நெட் இல்லை. கோவில்பட்டியில் நான் மோடம் கத்தக் கத்தக் காத்திருந்ததைப்போல அங்கேயும் ஒருவர் நாடாவை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்க எனக்கு அப்போதே சந்தோஷமாக இருக்கும்.

பெர்க்லியில் அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒரு துண்டில் 107 விநாடி வானம். மொத்த அலைவரிசையில் ஒரு மெல்லிய கீற்று, சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். கோப்பு அளவு ஒரு மெகாபைட்டில் மூன்றில் ஒரு பங்குதான். நான் அதைப் பொட்டலம் என்பேன். பொட்டலம் இறங்க ஒன்றரை நிமிடம், பிறகு இன்டர்நெட்டைத் துண்டித்துவிடலாம். எங்கள் கடை கம்ப்யூட்டருக்கு அதைப் பிரித்துப் பார்த்து முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் கரண்டு போனாலும் கவலையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். திரையின் மேல்பக்கத்தில் அந்தத் துண்டு வானத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது, எந்தத் தேதியில் பதிவானது என்று எழுதியிருக்கும். நான் அந்த எண்களை ஒரு பழைய டைரியில் குறித்து வைத்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் கைக்கு வந்த வானம், விலாசமாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

107 விநாடிக்கு ஏன் ஒரு நாள் கணக்குப் போட வேண்டும்? ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இது தெரியும். வண்டி நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் அதே ஹாரன் கொஞ்சம் கட்டையாக இறங்கும். ரேடியோ அலைக்கும் அதேதான். பூமி சுற்றுகிறது, அவர்கள் இருக்கும் கிரகமும் சுற்றும். ஆகவே ஒரே சுருதியில் அனுப்பிய சிக்னல்கூட நம்மிடம் வரும்போது மெல்ல ஏறியோ இறங்கியோ வழுக்கும். எந்த வேகத்தில் வழுக்குகிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் இந்த வேகமா, அந்த வேகமா என்று ஆயிரக்கணக்கான வேகங்களை ஒவ்வொன்றாக வைத்து, வழுக்கலை நிமிர்த்தி, பிறகு ஏதாவது ஒரு சுருதி தனியாக எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு கணக்குக்குத்தான் அத்தனை லட்சம் கம்ப்யூட்டர்.

இன்னொரு சோதனையும் உண்டு. தொலைநோக்கியின் பார்வை வானத்தின் ஒரு புள்ளியைக் கடக்கச் சுமார் 12 விநாடி ஆகும். கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரைப் பஸ்ஸில் தாண்டிப் போகும்போது பாட்டு மெல்ல ஏறி, உச்சத்துக்குப் போய், மெல்லத் தேயும் இல்லையா? உண்மையில் வானத்திலிருந்து வருகிற சிக்னல் அப்படித்தான் ஏறி இறங்க வேண்டும். பக்கத்து விமான நிலைய ரேடாரோ வேறு ஏதோ இரைச்சலோ என்றால் பெரும்பாலும் அப்படி இருக்காது.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி இருக்கும். அவசரமாக ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்துக்கொடுத்துவிட்டு, மானிட்டரைத் திருப்பினால், ஒரு சின்னக் கட்டத்தில் மணி மாதிரி வளைந்த கோடு. புள்ளிகள் அதன்மேல் அழகாக உட்கார்ந்திருந்தன. எனக்குக் கைகால் ஓடவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போன் போட ரிசீவரை எடுத்துவிட்டேன், அப்புறம் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? விடியவிடிய அதன் எதிரேயே உட்கார்ந்திருந்தேன். பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஒவ்வொரு பொட்டலத்திலும் "இதுவரை கண்டதில் சிறந்தது" என்று ஒன்றைக் காட்டும். இரைச்சலுக்குள்ளும் அப்படி ஒரு வளைவு தானாகவே விழும். அது ஒன்றுமில்லை.

அது ஒன்றுமில்லை என்று தெரிந்த நாள்தான் இந்தத் தேடலின்மேல் எனக்கு நிஜமான மரியாதை வந்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக இந்த வேலையைச் செய்கிறவர்கள், மனித வரலாற்றிலேயே பெரிய செய்தியைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள், ஒவ்வொரு முறையும் தங்கள் கையாலேயே அந்த ஆசையைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். நான் அவர்களை நேசிப்பது அதற்காகத்தான்.

தொடக்கமே அப்படித்தான். 1959-இல் கொக்கோனி, மாரிசன் என்ற இருவர், நட்சத்திரங்களுக்கு இடையே பேச வேண்டுமென்றால் 1420 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேளுங்கள் என்று எழுதினார்கள். அண்டத்தில் அதிகமாக இருக்கும் ஹைட்ரஜன் தானாகவே முணுமுணுக்கும் அலைவரிசை அது. எந்த உலகத்தில் வானியல் படித்தாலும் அந்த எண் தெரிந்திருக்கும் என்பது கணக்கு. மறு வருஷமே ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் 26 மீட்டர் தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பினார். முதல் நட்சத்திரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதற்குத் திருப்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு விநாடிக்கு எட்டு என்ற கணக்கில் படபடவென்று துடிப்புகள்! பிறகு காணவில்லை. அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை. அறைக்கு வெளியே நீட்டிய ஒரு சாதாரண ஆன்டெனாவையும் பொருத்திவைத்துக் காத்திருந்தார். பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தபோது அதிலும் கேட்டது. அப்படியென்றால் நட்சத்திரத்திலிருந்து வரவில்லை, நம் வானத்திலேயே ஏதோ ஒன்று.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஜோஸ்லின் பெல்லின் கதை. அவர் தேடியது வேற்று உலகத்தாரை அல்ல என்றாலும் இந்தக் கதையை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேச எனக்கு மனம் வராது. 1967-இல் அவர் கேம்ப்ரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி, வயது 24. நாலரை ஏக்கர் வயலில் கம்பம் அடித்து, ஒயர் இழுத்து, அந்த ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிய கைகளில் அவருடையதும் உண்டு. தினமும் 30 மீட்டர் காகிதம் பேனாக் கோட்டோடு உருண்டு வரும். அத்தனையையும் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதில் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கிறுக்கல். நட்சத்திரமும் இல்லை, கார் என்ஜின் இரைச்சலும் இல்லை. மேலே போய்விடலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. இதே கிறுக்கலை வானத்தின் இதே இடத்தில் முன்பும் பார்த்திருக்கிறோமே என்று பழைய காகிதங்களைப் புரட்டினார்.

நவம்பர் 28-ஆம் தேதி காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, ஒரு விநாடியும் மூன்றில் ஒரு பங்கும் இடைவெளி விட்டு, துல்லியமாக டிக், டிக் என்று துடிப்புகள். இயற்கையில் அப்படித் துடிக்கும் எதையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதற்குச் சின்னப் பச்சை மனிதர்கள் என்று குறிப்புப்பெயர் வைத்தார்கள். விளையாட்டுப் பெயர்தான், ஆனால் அதை ஒழுங்காகச் சோதித்தார்கள். தினமும் நாலு நிமிடம் முன்கூட்டி வருகிறதா? வருகிறது, ஆகவே நட்சத்திரங்களோடு நகர்கிறது, மனித வேலை இல்லை. வேறு தொலைநோக்கியில் தெரிகிறதா? தெரிகிறது. அது ஒரு கிரகத்தில் இருந்தால் கிரகம் தன் சூரியனைச் சுற்றும்போது அந்த ரயில் ஹாரன் கணக்கு தெரிய வேண்டுமே, தெரிகிறதா? பூமி சுற்றுவதுதான் தெரிகிறது, அந்தப் பக்கம் எதுவும் சுற்றவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு ஒரு ராத்திரி, வேறொரு பகுதிக் காகிதத்தில் அதே மாதிரி இன்னொரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. அந்த இடம் வானத்தில் கடந்து போவது விடியற்காலை. குளிரில் கருவி சரியாக ஓடாத நேரம். போய், அதன்மேல் வாயால் ஊதி, திட்டி, ஐந்தே நிமிடம் ஓடவைத்தார். அந்த ஐந்து நிமிடத்தில் அதுவும் துடித்தது, 1.2 விநாடி இடைவெளியில். வானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் இந்தச் சின்னப் பூமிக்குக் கைகாட்டுமா? காட்டாது. அது இயற்கைதான், புதிய வகை நட்சத்திரம். சூரியன் அளவு எடையை ஒரு நகரத்தின் அளவுக்குள் திணித்துச் சுழலவிட்டது போன்ற பல்சார். அவர் வேற்று உலகத்தாரை இழந்தார், அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டார். 1974 நோபல் பரிசு அவருடைய வழிகாட்டியான ஆன்டனி ஹ்யூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, அவருக்கு இல்லை. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறாது. 2018-இல் வேறொரு பெரிய பரிசாக 30 லட்சம் டாலர் வந்தபோது, வாய்ப்புக் கிடைக்காத மாணவர்கள் இயற்பியல் படிக்கட்டும் என்று முழுவதையும் கொடுத்துவிட்டார்.

'வாவ்' சிக்னலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977 ஆகஸ்ட் 15, ஓஹாயோவில் பிக் இயர் என்ற தொலைநோக்கி. சில நாள் கழித்து ஜெர்ரி எஹ்மன் அச்சடித்த தாளைப் பார்க்கும்போது, ஒன்று இரண்டு என்று கிடந்த எண்களுக்கு நடுவே இரைச்சலைப்போல முப்பது மடங்கு ஏறிய ஒன்று. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார். 72 விநாடி, ஏறி இறங்கிய விதம் அப்படியே வானத்துப் புள்ளி ஒன்று கடந்த மாதிரி. ஆனால் அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு காது. சில நிமிட இடைவெளியில் இரண்டிலும் கேட்டிருக்க வேண்டும், ஒன்றில்தான் கேட்டது. பிறகு எத்தனையோ முறை தேடியும் திரும்பவில்லை. இணையத்தில் இதை வைத்து எவ்வளவோ கதை கட்டுகிறார்கள், எனக்கு அது வருத்தம். எஹ்மனே அதை வேற்று உலகத்தார் அனுப்பியது என்று சாதித்ததில்லை. ஒரு முறைதான் கேட்டது என்றால், ஒரு முறைதான் கேட்டது. பிக் இயரை 1998-இல் இடித்துவிட்டார்கள், அந்த இடம் கோல்ஃப் மைதானமானது.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருஷமாக ஒரு விசித்திரமான துடிப்பு வந்துகொண்டிருந்தது. 2015-இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியின் குழு கண்டுபிடித்தது: மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது வருகிறது. அதே பார்க்ஸில் 2019-இல் பதிவான ஒன்று இன்னும் ஆழமாக ஆசை காட்டியது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா செந்தாரி பக்கம் திருப்பியபோது 982 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய கோடு. வேறு பக்கம் திருப்பினால் மறைந்தது, திரும்பத் திருப்பினால் வந்தது. இதைவிட என்ன வேண்டும்? சோஃபியா ஷேக் தலைமையில் ஒரு வருஷம் போலக் குடைந்தார்கள். கடைசியில் அதே சாயலில், அதோடு கணக்குப் பொருந்துகிற வேறு அலைவரிசைகளில், டஜன் கணக்கான கோடுகள் கிடைத்தன. அவற்றில் பல, தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்தன. நம் கருவிகள்தான். பிராக்ஸிமா பக்கம் திருப்பியபோது மட்டும் அது வந்து போனது தற்செயல்.

யாருமே இல்லை என்பதற்கு இதுவே சாட்சி என்கிறவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான். 2018-இல் ஜேசன் ரைட் குழுவினர் கணக்குப் போட்டார்கள். எந்தத் திசை, எந்த அலைவரிசை, எவ்வளவு மெல்லிய சிக்னல், எவ்வளவு நேரம் என்று தேட வேண்டியது மொத்தத்தையும் பூமியின் எல்லாக் கடல்களாக வைத்துக்கொண்டால், இதுவரை தேடியது சுமார் 7,700 லிட்டர். ஒரு தண்ணி லாரிகூட நிறையாது. ஒரு லாரித் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டுக் கடலில் மீன் இல்லை என்று யார் சொல்வார்கள்? எத்தனை நாகரிகங்கள் இருக்கும் என்று டிரேக் 1961-இல் எழுதிய சமன்பாட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, முக்கால்வாசி எண்கள் நம் கையில் இல்லை. தண்ணி லாரிக் கணக்குதான் எனக்குப் புரிகிறது.

100 பொட்டலம் முடித்தபோது பெர்க்லியிலிருந்து ஒரு சான்றிதழ் கிடைத்தது, நாமே அச்சடித்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி அதைக் கல்யாணப் பத்திரிகை அட்டையிலேயே, கலரில், அச்சடித்துக் கொடுத்தார். கல்லாவுக்குப் பின்னால் தினக்காலண்டருக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் இருந்தது. பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் அவரே விளக்குவார், நான் சொன்னதைவிடத் தெளிவாக.

2020 மார்ச் 31-ஆம் தேதியோடு பொட்டலம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். தேவையானதை அலசியாகிவிட்டது, இனி வந்த விடைகளைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அந்த வருஷமே ஆகஸ்டில் அரெசிபோவில் ஒரு கேபிள் கழன்றது. நவம்பரில் இன்னொன்று அறுந்தது. டிசம்பர் 1 காலை, 900 டன் எடையுள்ள மேடை அப்படியே தட்டின் மேல் விழுந்தது. அந்த வீடியோவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். என் டைரியில் இருக்கும் எண்கள் அத்தனையும் அந்த மேடையில் தொங்கிய ஆன்டெனா கேட்டவை.

வந்த விடைகளைப் பிரிக்கும் வேலை பிறகும் பல வருஷம் நடந்தது. சந்தேகப்பட வேண்டியவை என்று நம் கம்ப்யூட்டர்கள் குறித்து அனுப்பியவை சுமார் 1,200 கோடி. தங்கள் சல்லடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பொய்ச் சிக்னல்களைத் தாங்களே நடுவில் கலந்து, அவை பிடிபடுகின்றனவா என்று சோதித்தார்கள். 1,200 கோடி சுருங்கி, பத்து லட்சம் அளவுக்கு வந்தது. அதிலிருந்து, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நூறு. அந்த நூறு இடங்களை இப்போது சீனாவின் 500 மீட்டர் தொலைநோக்கியால் பார்க்கிறார்கள். பெரிதாக எதுவும் கிடைக்கும் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பார்க்கிறார்கள்.

ஊருக்குப் போயிருந்தபோது அண்ணாச்சியைப் பார்த்தேன். கடையில் இப்போது ஃப்ளெக்ஸ் பேனர்தான், மகன் பார்த்துக்கொள்கிறார். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காபி வரவழைத்துவிட்டு, "அது என்னல ஆச்சு, ராத்திரி பூரா ஓடுமே?" என்றார்.

நூறு இடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நம்ம கடையில ஓடுனது அந்த நூத்துல உண்டுமா?"

"தெரியல அண்ணாச்சி. ஒவ்வொன்னையும் பல பேரு மெஷின்ல குடுத்துச் சரிபாத்திருக்காங்க. நம்மளதும் இருக்கலாம்."

"அந்த டைரி வச்சிருக்கியா?"

"இருக்கு அண்ணாச்சி."

"பத்திரமா வையி" என்றார். கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்து, புது செல் நம்பரை இரண்டு தடவை சொல்லி, நான் ஒழுங்காக ஏற்றிக்கொண்டேனா என்று போனை வாங்கிப் பார்த்தார்.